கொடையாளரின் ரகசியமும் குழந்தையின் உரிமையும்

சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களால் நிறைந்துவிட்ட ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரின் கருத்தரிப்பு மையங்கள் எட்டும் தூரத்தில் இருப்பதால், குழந்தையில்லாத தம்பதியர் உறவினர் அறியாமல் சிகிச்சை பெறுவது மற்ற ஊர்களைவிட எளிது. ஆணின் குறையையும் பெண்ணின் தலையிலேயே பழியாகச் சுமத்திவந்த சமூகத்தில், விந்து தானம் எத்தனையோ மனைவியரை அவமானத்திலிருந்து மீட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெற்றோருக்கு ஆறுதல் தரும் அந்த ரகசியம், பிறந்த குழந்தைக்குத் தீங்காக முடியலாகாது. செயற்கைக் கருத்தரிப்பு தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தை நான் எடைபோட விரும்புவது இந்த நியாயத்தைக் கொண்டே.

2021 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் அமலுக்கு வந்த அச்சட்டத்தின் சிறப்புகள் சாமானியமானவை அல்ல. 21 முதல் 55 வயதுக்குட்பட்ட ஆண்களிடமிருந்தே விந்து பெறலாம். பிறக்கும் குழந்தை தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். கொடையாளருக்கு அதன்மீது யாதொரு உரிமையும் இல்லை. ஒருவருடைய விந்தை ஒரு தம்பதியருக்குமேல் வழங்கலாகாது என்ற விதியால் கொடையாளர் பஞ்சம் வந்துவிட்டதென்று மருத்துவர்கள் முறையிடுகிறார்கள். எனினும், டென்மார்க்கிலிருந்து இயங்கும் விந்து வங்கி ஒன்றின் வழியாக, புற்றுநோய்க்கு வித்திடும் TP53 மரபணுப் பழுதை அறியாமலே சுமந்திருந்த ஒருவருடைய விந்தால் ஐரோப்பா முழுவதிலும் குறைந்தது 197 குழந்தைகள் பிறந்தனர் என்று 2025-இல் வெளியான செய்தியைப் படித்தபின், அந்தக் கண்டிப்பை நான் குறைகூறத் துணியமாட்டேன். அவருடைய உயிரணுக்களில் ஒரு பகுதியிலேயே அப்பழுது இருந்தமையால், வழக்கமான பரிசோதனையில் அது வெளிப்படவில்லை.

நம் விதிகள் வலியுறுத்தும் சோதனைகளோ எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் ஆகிய தொற்றுநோய்களைப் பற்றியவை. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது இன்றும் அருகிவிடாத இப்பிரதேசத்தில், தலசீமியா போன்ற பரம்பரை நோய்களுக்கான சோதனையே முதன்மையாக இருந்திருக்க வேண்டும். கொடையாளர், தாய் இருவரும் நோயின் வெளிப்படாத கூறைச் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. கொடையாளர் தம் ஜாதியினராகவே இருக்கவேண்டுமென்று கோருகிற தம்பதியர், தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்துவந்த வட்டத்தில் ஒரே பழுது இரு பக்கமும் கூடிவரும் வாய்ப்பைத் தாமே வலிந்து தேடிக்கொள்கிறார்கள். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

கருவையே சோதிக்கும் முறையைத் தெரிந்த பரம்பரை நோய்களுக்கு மட்டும் அனுமதித்து, ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பதைச் சட்டம் அறவே விலக்கியிருக்கிறது. பெண்சிசுக்களைக் காக்கவென்று 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டதையும், கிருஷ்ணகிரி அன்று தருமபுரியோடு இருந்தபோது இப்பகுதி சுமந்த அவப்பெயரையும் அறிந்தவர், இத்தடையை மிகையென்று சொல்லார்.

ஆனால் எழுத்தில் உள்ள தடை ஏடுகளின் நம்பகத்தால்தான் நிலைக்கும். 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதார் அட்டையால் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை வெளிப்பட்டு, விசாரணை ஓசூர் வரை நீண்டது. அப்படியிருக்க, இன்று ஓசூரிலும் நாளை பெங்களூரிலும் வேறு பெயரில் விந்து கொடுப்பவரை, இச்சட்டப்படி அமையும் தேசியப் பதிவேடு எவ்வாறு கண்டுகொள்ளும்?

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மருத்துவ அவசரத்தில் தம்பதியர் வேண்டினாலோ நீதிமன்றம் ஆணையிட்டாலோதான் ரகசியம் திறக்கப்படும் என்கிற சட்டம், வளர்ந்துவிட்ட குழந்தை கேட்டால் என்ன செய்வதென்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், 18 வயது நிரம்பியவர் கொடையாளரின் அடையாளம் நீங்கலான தகவல்களைக் கோரலாம் என்று சொல்லியிருந்தன. பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் தானம் செய்தவர்களின் பெயரையே அவ்வயதில் அறியலாம். நம் நாட்டில் அவ்வளவு தூரம் உடனே செல்லவேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. பெயரை மறைத்துக்கொண்டே நோய் வரலாற்றைத் தரலாம். தானம் செய்து பல்லாண்டுகள் கழிந்தபின் தமக்குப் பரம்பரை நோய் கண்ட ஒருவர் அதை வங்கிக்கு அறிவிக்கவும், வங்கி அதைக் குழந்தையின் குடும்பத்துக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர்கள் என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். பத்தாண்டுகளுக்குப் பின் வங்கியின் ஏடுகள் தேசியப் பதிவேட்டுக்குச் செல்லவேண்டுமென்று சட்டமே சொல்வதால், அதற்குப் புதிய அலுவலகம் எதுவும் வேண்டியதில்லை.