நார்னியாவின் தென்திசை

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களைப் பன்முறை வாசித்து மகிழ்ந்தவன் நான். அஸ்லான் என்னும் சிங்கம் கல்மேடையில் பலியாகும் பகுதியை ஓய்வுநாள் பாடசாலைச் சிறுவருக்கு விவரித்ததும் உண்டு. அப்பற்று இன்று தளர்ந்துவிட்டது. தளர்த்தியது ஆசிரியரின் விசுவாசமன்று. அவர் வரைந்த நிலப்படம்.

நார்னியாவுக்குத் தெற்கே, பாலைநிலத்திற்கு அப்பால், கலோர்மென் பேரரசு உள்ளது. அதன் மக்கள் கருநிறத்தார். தலைப்பாகையும் வளைவாளும் தரித்தோர். அடிமை வாணிபம் செய்வோர். ‘குதிரையும் அதன் சிறுவனும்’ (1954) என்னும் நூலில் அங்கே செம்படவன் வீட்டில் வளரும் ஷாஸ்தா, வடதிசை அரசகுமாரன் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அவன் அந்நாட்டானல்லன் என்பதற்கு முதற்சான்று அவனுடைய வெண்ணிறமே!

‘கடைசிப் போர்’ (1956) இன்னும் கடுமையானது. கலோர்மென் மக்களின் தெய்வமாகிய தாஷ், பறவைத் தலையும் நான்கு கரங்களும் உடைய கோர உருவமாய் வருகிறது. பல கரங்களுடைய திருவுருவங்களைப் பக்தியுடன் வணங்கும் அயலாரிடையே வாழும் நாம், அவ்வருணனையைக் கூச்சமின்றி வாசிப்பது எவ்வாறு?

லூயிஸுக்காக வாதிடுவோர் எமெத்தைச் சுட்டுவர். அப்பெயர் எபிரெய மொழியில் உண்மை எனப் பொருள்படும். தாஷை நேர்மையுடன் தேடிய அவ்வீரனின் ஊழியத்தைத் தனக்குச் செய்ததாகவே அஸ்லான் ஏற்றுக்கொள்கிறது. இறையியல் நோக்கில் இது தாராளமான பகுதி என்பதை மறுப்பதற்கில்லை. அந்நாளில் இதனை எழுதத் துணிவும் வேண்டியிருந்திருக்கும். ஆயினும் எமெத் தன் இனத்தாரினின்று பிரித்தெடுக்கப்பட்டே மேன்மை பெறுகிறான். தாஷ்பான் நகரத் தெருக்களில் நெருங்கி நடக்கும் ஏழைகளுக்கு ஓர் உள்ளம் உண்டெனக் கதை எங்கும் காட்டவில்லை. நார்னியாவினின்று தப்பித் தெற்கே சென்று நலம் கண்டவர் எவரும் இல்லை. அராவிஸ் போன்ற நல்லோர் வடக்கே வந்தாக வேண்டும்.

நல்ல சமாரியன் உவமையுடன் இதனை ஒப்பிடுக. அங்கே கேட்போனுடைய எல்லைக்கோடே தகர்கிறது; விடையளிக்க வந்த நியாயசாஸ்திரி சமாரியன் என்ற சொல்லை உச்சரிக்கவும் கூசுகிறான். எமெத்தின் கதையிலோ வாசகன் தன் ஆசனத்தை விட்டு அசைய வேண்டியதில்லை.

அஸ்லானின் பலிப்பகுதி இன்றும் என் கண்களை நனைக்கிறது. அதனை மறைப்பது நேர்மையன்று. பேர்த்தி முதல் நான்கு நூல்களையும் முடித்துவிட்டாள். ஐந்தாவதை நான் இன்னும் அலமாரியினின்று எடுத்துக் கொடுக்கவில்லை.