பழைய சுவர்களும் குடியிருப்போரும்

அரசின் கையிலுள்ள பழைய கட்டடங்கள் பாழ்பட்டுக் கிடப்பதைக் கண்டு வருந்துவோர் கொழும்பிற் பலர். 1895இல் எழுந்த கோட்டைத் தலைமை அஞ்சலகம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர். இவற்றைப் பேண வேண்டும் என்பதில் எமக்கும் மறுப்பில்லை. ஆயின், யாருக்காகப் பேணுவது?

கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் ஆசுபத்திரி 2011இல் செப்பனிடப்பட்டு, உணவகங்களும் கடைகளும் நிறைந்த அங்காடியாயிற்று. வேலை நேர்த்தியானதே. ஆசுபத்திரியாகக் கட்டப்பட்டதை வீடாக்கும்படி நாம் கேட்கவில்லை. கொம்பனித்தெருவின் டி சொய்சா கட்டடமோ அத்தகையதன்று. கீழே கடை, மேலே குடியிருப்பு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எழுந்தது அது. கவனிப்பாரற்றுச் சிதைந்த அக்கட்டடம் 2021இல் இடிக்கப்பட்டது. அதன் முகப்பின் அழகைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு மேல்மாடியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்படவில்லை.

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் நகர மையத்து எளியோர் பலர் தொலைவிலுள்ள தொடர்மாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏறி வரும் மாணவனிடம் ‘மரபுரிமை’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்க எமக்குக் கூச்சமாக இருக்கிறது.

வீடாக்கினால் மட்டும் போதுமா? 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற வெள்ளவத்தை நெசவாலையின் நிலத்தில் இன்று நிற்பவையும் வீடுகளே. ஹவ்லொக் சிட்டி என்னும் அம்மாடங்களின் விலையைக் கேட்கவும் அவ்வாலைத் தொழிலாளியின் பேரனுக்குத் துணிவு வராது.

இத்தாலியிலே, கம்யூனிஸ்டுகள் ஆண்ட பொலோஞா மாநகரசபை 1973இல் வேறொரு வழியை வகுத்தது. பழைய நகரின் சிதைந்த வீடுகளைப் பொதுப்பணத்திற் செப்பனிட்டு, அங்கு வாழ்ந்தோரையே கட்டுப்படுத்தப்பட்ட வாடகையில் மீண்டும் குடியமர்த்துவதே அது. திட்டத்தின் பின்னின்ற கட்டடக் கலைஞர் செர்வெல்லாத்திக்குச் சுவரைக் காப்பதும் குடியிருப்போரைக் காப்பதும் ஒரே பணி. தனியார் வீடுகளைக் கையகப்படுத்தும் எண்ணம் எதிர்ப்பினால் தளர்ந்து, உடைமையாளரோடு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது உண்மையே. நாம் பேசுவன அரச கட்டடங்கள், அத்தடை இங்கில்லை.

அதே 1973இல் எமது நாட்டிலும், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், ஒருவர் வைத்திருக்கத்தகும் வீடுகளுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் நிறைவேறிற்று. மிகை வீடுகள் அரசுடைமையாயின. வாடகைக்கிருந்தோர் அவற்றை வாங்கவும் வழி பிறந்தது. பெரும் நன்மைதான். எனினும் விற்கப்பட்ட வீடு நாளடைவிற் சந்தைக்கே போய்ச் சேரும். ஆகவே, இப்போது வெறுமையாய்க் கிடப்பனவற்றின் உடைமை அரசிடமே இருத்தல் வேண்டும். வருமானத்துக்கேற்ற வாடகைக்கு, அப்பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்டோருக்கே முதலிடம் தரல் வேண்டும்.

செலவு மிகுதி என்பர். அங்காடி அமைத்தபோது பணம் கிடைத்ததன்றோ? பூட்டிக் கிடக்கும் அரச கட்டடங்களுள் முன்னர் வீடாயிருந்தவை எவை என்பதை அரசு முதலிற் பட்டியலிட்டு வெளியிடட்டும். எவற்றைக் குடியிருக்கத்தக்கனவாகச் செப்பனிடலாம் என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும்.