யாரோ மாமூத்: ஓவியர் பீல் தீட்டிய முஸ்லிம் முகம்

அமெரிக்க ஓவிய வரலாற்றில் சார்லஸ் வில்சன் பீலுக்குத் தனியிடம் உண்டு. 1741இல் மேரிலாந்தில் பிறந்த அவர் முதலில் சேணம் தைக்கும் தொழில் பயின்றார். பின்னர் லண்டன் சென்று பெஞ்சமின் வெஸ்டிடம் ஓவியம் கற்றார். ஜார்ஜ் வாஷிங்டன் உள்ளிட்ட விடுதலைப் போர்த் தலைவர்கள் பலரின் முகங்களை நமக்கு விட்டுச் சென்றவர் அவரே. 1786இல் பிலடெல்பியாவில் அவர் நிறுவிய அருங்காட்சியகம், அந்நாட்டின் தொடக்கக்கால அருங்காட்சியகங்களுள் பெரும்புகழ் பெற்றது. பாடம் செய்த பறவைகள் கண்ணாடிப் பேழைகளில் இனவாரியாக நிற்க, பெருமக்களின் படங்கள் அவற்றிற்கு மேலே வரிசையாகத் தொங்கின. 1801இல் தோண்டி எடுத்த மாஸ்டோடன் என்னும் பழங்கால யானையினத்தின் எலும்புக்கூட்டைக் காண மக்கள் திரண்டனர்.

இத்தகைய மனிதர் ஒரு முஸ்லிமின் முகத்தைத் தீட்டியிருக்கிறார் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. உருவப்படம் குறித்து நம் உலமாப் பெருமக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை ஈண்டு எழுப்ப நாம் விரும்பவில்லை. இப்படத்தை ஒரு சாட்சியமாகக் கொண்டு, அதன் தகுதியை மட்டுமே ஆராய்கின்றோம்.

1819 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் நகரில் 140 வயது முதியவர் ஒருவர் வாழ்கிறார் என்ற செய்தி பீலின் செவிக்கு எட்டியது. அளவான வாழ்வு ஆயுளை வளர்க்கும் என்று நம்பி, உடல்நலம் பற்றி 1803இல் ஒரு நூலே வெளியிட்டவர் அவர். எனவே நீண்ட ஆயுள் என்னும் வியப்பே அவரை அம்முதியவரிடம் இழுத்துச் சென்றது. இது காட்சிப்பொருள் தேடுவோரின் ஆர்வம்.

அவர் கண்ட மனிதரின் பெயர் யாரோ மாமூத். மஹ்மூது அல்லது முஹம்மது என்னும் திருப்பெயரே அங்குள்ளோர் நாவில் இவ்வாறு திரிந்தது என்பர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி இனத்தவரான அவர், 1752இல் இளைஞராக அடிமைக் கப்பலில் அன்னாபோலிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடிமையாக உழைத்து, 1796இல் விடுதலை பெற்றார். உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரு வணிகரிடம் ஒப்படைத்தார், அது போயிற்று. மீண்டும் சேர்த்தார், அதுவும் போயிற்று. மூன்றாம் முறை சேர்த்ததை வங்கிப் பங்குகளில் இட்டார். 1800இல் சொந்த வீடும் வாங்கினார். பன்றி இறைச்சியையும் மதுவையும் அவர் விலக்கினார் என்பதும், தெருவில் நடக்கும்போதும் இறைவனைத் துதித்தார் என்பதும் பீலின் குறிப்புகளால் தெரிய வருகின்றன.

இனிப் படத்தை நோக்குவோம். தலையில் கோடிட்ட பின்னல் தொப்பி, உடலில் குளிருக்கேற்ற தடித்த மேலங்கி, முகமெங்கும் சுருக்கங்கள். சங்கிலி இல்லை, சுமை இல்லை, எசமானரும் இல்லை. கண்கள் நம்மை நேராக நோக்குகின்றன. இதழோரத்தில் மெல்லிய நகை அரும்புகிறது. அந்நாளில் கறுப்பின மக்களைப் படத்தின் மூலையில் பணியாளராக நிறுத்துவது ஓவியர் பலரின் வழக்கம். பீலோ, நாட்டுத் தலைவர்களுக்கு அளித்த அதே இடத்தையும் அதே ஒளியையும் இவருக்கும் அளித்தார். 140 வயது என்ற கணக்கு பிழையானது. படம் தீட்டிய நாளில் அவருக்கு ஏறத்தாழ 83 வயதே இருந்திருக்கும் என்பது இன்றைய ஆய்வாளர் முடிவு. வியப்பு பொய்த்தது, படத்தின் மதிப்போ சற்றும் குறையவில்லை. ஓவியரின் கை முகத்தில் கண்டது வயதை மட்டுமன்று, மனநிறைவையும்தான். இதுவே இப்படத்தின் வெற்றி.

ஆயினும் இப்புகழுரையோடு நிறுத்துவது நீதியாகாது. பீலும் அடிமைகளை உடையவராக இருந்தவரே. அவர் வீட்டில் அடிமையாக வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸ், விடுதலைக்குப் பின் அருங்காட்சியகத்தில் பார்வையாளரின் நிழலுருவங்களைத் தாளில் வெட்டிப் பிழைத்தார். தம் பிள்ளைகளுக்கு ராஃபேல், ரெம்பிராண்ட், ரூபன்ஸ், டிஷியன் என்று ஓவியர் பெயர்களைச் சூட்டி வண்ணக் கலையைக் கற்பித்த பீல், மோசஸின் கையில் தூரிகையைத் தரவில்லை; கத்தரியையே தந்தார். விருந்தினராகக் கண்ட ஒருவரிடம் காட்டிய மதிப்பைத் தம் வீட்டில் வளர்ந்தவரிடம் அவர் முழுமையாகக் காட்டவில்லை. திறனாய்வாளர் இதனை மறைத்தல் தகாது.

பீல் மறைந்த பின் அருங்காட்சியகத்தின் பொருள்கள் பலர் கைக்குச் சிதறின. இப்படத்திலிருந்த மனிதரின் பெயரும் மறைந்து, அவர் வாஷிங்டனின் பணியாளர் என்று நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்டார். தமிழில் ‘யாரோ’ என்றால் பெயரறியாத ஒருவர். அங்கும் அவர் நிலை அதுவாயிற்று! இருபதாம் நூற்றாண்டின் ஆய்வே அவர் பெயரை மீட்டது. 2011இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் இப்படத்தை வாங்கியது.

1823இல் யாரோ மாமூத் காலமானபோது, தம் தோட்டத்தில் அவர் வழக்கமாகத் தொழுத மூலையிலேயே அடக்கப்பட்டார் என்பது அக்காலச் செய்தி. 2015இல் அந்நிலத்தை அகழ்ந்தோருக்கு அவர் உடல் கிடைக்கவில்லை. பள்ளிவாசலோ, ஜமாஅத்தோ, ஓதிக்கொடுக்க ஓர் ஆலிமோ இல்லாத ஊரில், எழுபது ஆண்டுகள் ஒரு மனிதர் தம் தீனை விடாது பற்றி நின்றார். சுற்றிலும் பாங்கொலி கேட்க வாழும் நம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் இவ்வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.