ஒரு பிடி ஓடை மணல்

கரிசல் மண்ணில் பொம்மை செய்வது லேசான காரியம் இல்லை. ஈரத்தில் விரலை விடாமல் ஒட்டும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் சைக்கிள் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற அதே மண்தான் சித்திரையில் வாய் பிளந்து கிடக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஓர் ஊர். அங்கே அங்கன்வாடி டீச்சர், கண்மாயிலிருந்து எடுத்து வந்த மண்ணோடு ஒரு பிடி ஓடை மணலைச் சேர்த்துப் பிசைகிறார். மணல் சேர்ந்தால் வெடிப்பு குறையும். இன்று ஒரு பிள்ளை செய்யும் மாடு, நாளைக் காலையிலும் நாலு காலோடு ஜன்னல் திண்டில் நிற்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு, தான் செய்த ஒன்று மறுநாளும் அங்கேயே இருப்பது பெரிய சேதி. வந்ததும் வராததுமாகப் பையைக்கூடக் கழற்றாமல் நேரே ஜன்னலுக்கு ஓடுகிறது.

மாட்டை அவர் செய்து தருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் உருண்டையை மெதுவாக, மிக மெதுவாக உருட்டுகிறார். பிள்ளையின் கண் அவர் கையிலும் தன் கையிலுமாக மாறி மாறிப் போகிறது. கொம்பு கோணலாக வந்தால் அது கோணல் கொம்பு மாடுதான். "இது உழுற மாடா, பால் மாடா?" என்று மட்டும் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே பிள்ளை இன்னொரு வால் வைக்கிறது.

பெயர்ப்பலகையில் 'குழந்தைகள் மையம்' என்று எழுதியிருந்தாலும் ஊர்வாயில் இது இன்னமும் பால்வாடிதான். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மத்தியக் கல்வியமைச்சகத்தின் ஆலோசனை வாரியம் அமைத்த ஆய்வுக் குழு, மீனா சுவாமிநாதன் தலைமையில் பள்ளிக்கு முந்தைய பருவத்தைப் பற்றி 1972-ல் அறிக்கை கொடுத்தது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவு, இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே இலை போட்டது. இப்போது மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அத்தனை மையங்களிலும் நடப்பதை 'பிள்ளை பார்த்துக்கிற வேலை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அரை நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பாட்டு நேரத்தைப் பார்க்கலாம். அரசு வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. நிலாப் பாட்டு, கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு எல்லாம் டீச்சருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் பாடுகிற அழகு குரலில் இல்லை, நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுகிறார், கை மட்டும் அந்தச் சொல்லைக் காட்டுகிறது. அந்த இடைவெளியில் இருபது குரலும் வந்து விழுகின்றன. சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை, சுவரோரம் அம்மா சேலையின் கிழிந்த முந்தித் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் உதடு முதலில் அசைவது இந்த இடைவெளியில்தான். தனியாகக் கேட்டால் சொல்லாது, கூட்டக் குரலுக்குள் தன் குரலை ஒளித்துவைத்துப் பார்க்கும். டீச்சர் அதைக் கவனித்துவிடுகிறார், ஆனால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பி "ஆகா, தங்கம் பேசிருச்சே!" என்று கொண்டாடினால் உதடு மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த அடியில் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டுகிறார், அவ்வளவுதான். எனக்கு இதைவிட நுட்பமான பாட்டுக் கச்சேரி ஏதும் தெரியாது.

நிறம் சொல்லித் தருவதில் இன்னொரு நயம் இருக்கிறது. சுவரில் தொங்கும் படத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வட்டங்கள். அருப்புக்கோட்டையோ தறி ஓசையில் வளர்ந்த ஊர். சௌடாம்பிகை அம்மன் கோயிலைச் சுற்றி நெசவுக் குடும்பங்கள், வீட்டுக்குள்ளேயே பாவும் நூலும். தறி வீட்டுப் பிள்ளையிடம் சிவப்பு வட்டத்தைக் காட்டி "இது என்ன கலர்?" என்று கேட்டால் "அரக்கு" என்கிறது. மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, கத்திரிப்பூ, கிளிப்பச்சை என்று அதன் அகராதி படத்தைவிடப் பெரிது. அவசரக்காரர் என்றால் "அரக்கு இல்லடா, சிவப்பு" என்று திருத்தியிருப்பார். இவர் "ஆமா சாமி, அரக்கு. அரக்கும் சிவப்பு வீட்டுப் பிள்ளைதான்" என்கிறார். அரக்கும் செம்பருத்தியும் செங்கல்லும் ஒரே பெயரில் அடங்கும் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளைக்குள் போய்விடுகிறது, தறியில் கற்ற பெயரும் கையைவிட்டுப் போகவில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவரும் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் உண்டு. தாகத்தில் 'நீள்ளு' என்று கேட்கிற பிள்ளைக்கு டம்ளர் முதலில் வருகிறது, "இந்தா, தண்ணி" என்பது அதன் பின்னால் வருகிறது.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. தாயம் ஆடுவதற்கு உரசுகிற மாதிரியே பாதிக் கொட்டைகளை ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளையாக்கி வைத்திருக்கிறார். கறுப்பு வெள்ளை பிரிப்பது, வரிசை வைப்பது, கூட்டிக் குவிப்பது எல்லாம் அதிலேயே நடக்கும். விளையாட்டுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை கொட்டைகளை எண்ணுகிறார். ஒன்று குறைந்தாலும் பாய்களை உதறித் தேடுகிறார், ஏனென்றால் மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகிற அளவு அது. இரண்டு வயதுக்காரர்களுக்குப் புளியங்கொட்டையே கிடையாது, பனங்கொட்டையும் சிரட்டையும்தான். வேலியோரம் பளபளக்கும் குன்றிமணியை எந்தப் பிள்ளை பொறுக்கி வந்தாலும் அழகாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார், பிறகு அது யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தச் சிவப்புக்குள் இருப்பது நஞ்சு.

வாரத்தில் மூன்று நாள் முட்டை. நான் நாள் முழுக்கப் பார்க்க ஆசைப்படுவது இந்த முட்டை நேரத்தைத்தான். ஆயாம்மா அவித்துக் கொண்டுவந்து வைக்கிறார். இருபது முட்டையையும் உரித்துத் தட்டில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், சோறும் ஆறாது. டீச்சர் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு முட்டையையும் தரையில் லேசாகத் தட்டி, உள்ளங்கையால் ஓர் உருட்டு உருட்டி, அகன்ற முனையில் ஓர் எட்டணா அளவுக்கு மட்டும் ஓட்டை உரித்துப் பிள்ளை கையில் வைக்கிறார். அகன்ற முனையில் காற்றுப்பை இருப்பதால் அங்கே தொடங்கினால் வெள்ளைக்கரு பிய்ந்து வராது. மீதி பிள்ளையின் பாடு. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு துணுக்கைக் கிள்ளி இழுக்கின்றன. நாக்கு வெளியே வந்து கன்னத்தைத் தொடுகிறது. ஓட்டோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு பிடிபட்டுவிட்டால் அரை முட்டை ஒரே இழுப்பில் உரிந்து வருகிறது. அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! நாளை பென்சில் பிடிக்கப் போகிற விரல்கள் இவைதான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி, கொடைக்கானல் மலையிலும் சில ஆண்டுகள் வாழ்ந்த மரியா மாண்டிசோரி, பிள்ளை தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுக்கக் கூடாது என்பதை வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். கரிசல் காட்டு டீச்சரின் கையில் அந்தப் படிப்பு எட்டணா அளவு ஓட்டில் வந்து நிற்கிறது. முழு முட்டையைக் கொடுத்தால் பிள்ளை திணறும், முழுதும் உரித்துக் கொடுத்தால் கற்காது.

பிள்ளைகளை அளக்கும் நாளில் கூட்டம் அதிகம். மருதையில் மல்லி விலை, நூறு நாள் வேலை, பருத்திக்குப் புழு என்று தாய்மார் பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்து நீளம், மேலே என்றால் நிற்கவைத்து உயரம். படுத்தால் அதே பிள்ளை சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக அளவு காட்டும், ஆகவே மாற்றி அளந்தால் கணக்கு தப்பும். குதிகால் பலகையில் படிய வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. அன்றைக்கென்று ஒரு தாய் ஆசையாக உச்சிக்குடுமி போட்டு, அதில் கனகாம்பரம் சுற்றி அனுப்பியிருப்பார். குடுமியின் மேல் அளவுப்பலகை உட்கார்ந்தால் பிள்ளை இல்லாத உயரம் வளர்ந்துவிடும். டீச்சர் குடுமியை அவிழ்க்கிறார், அளக்கிறார், எழுதுகிறார். பிறகு சீப்பை எடுத்து அதே இடத்தில் அதே உயரத்தில் குடுமியைக் கட்டி, அதே கனகாம்பரத்தைச் சுற்றித்தான் பிள்ளையைத் தாயிடம் விடுகிறார். அளவைப் பதியும் கைபேசிச் செயலியில் ஏறுவது உயரம் மட்டும்தான். அந்தக் குடுமி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

புஜத்தைச் சுற்றும் நாடாவில் 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5-க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். மஞ்சளில் நிற்கும் பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 1980-ல் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்திலிருந்து தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளையை முதலில் கண்டுபிடி என்றது. கண்டுபிடித்த பிறகு அந்த வீட்டு வாசலில் என்ன பேசுவது என்பதை எந்தக் கையேட்டாலும் முழுதாக எழுதிவிட முடியாது.

அளந்த நாள் சாயங்காலம், மஞ்சளில் நின்ற ஒரு பிள்ளையின் வீட்டுக்கு டீச்சர் போனார். தாய் பட்டாசு வேலைக்குப் போயிருந்தார், அப்பத்தாதான் இருந்தார். பிள்ளை எடை குறைவு என்று டீச்சர் ஆரம்பிக்கவில்லை.

"அப்பத்தா, ராத்திரி இவளுக்கு யாரு ஊட்டுறது?"

"நாந்தான் தாயி. ரெண்டு வாய் ரசஞ்சோறு. அதுக்குள்ள கண்ணு சொருகிரும்."

"ரெண்டு வாய் போதும் அப்பத்தா, தூங்குற பிள்ளைய எழுப்பாதீங்க. அந்த ரெண்டு வாய்ல ரசத்துக்குப் பதிலா பருப்பக் கெட்டியாப் போட்டு, ஒரு கரண்டி எண்ணெய ஊத்திப் பிசைஞ்சிருங்க."

அப்பத்தா யோசித்தார். "கடலெண்ணெயா, நல்லெண்ணெயா?"

"வீட்டுல எது இருக்கோ அது."