திருக்கைத் தொழில்: முறைகளும் முறைமைகளும்

1766ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் இலங்கையின் கரையோரம் முழுவதையும் இழந்தான். ஆனால் புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமையை மட்டும் அவன் விடவில்லை. மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளில் ஏறிவந்த காலம் அது. 1824இல் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியபின் இந்தப் பக்கத்தில் கருவாடு தின்னும் வாய்கள் பெருகின. ஆகவே கண்டிக்கு அருகேயுள்ள அம்பிட்டிய மலைச்சரிவிலிருந்து திருக்கைத் தொழிலைப் பற்றி எழுதுவதை அத்துமீறல் என்று யாரும் நினைக்கவேண்டியதில்லை. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இங்கே நிறுவிய குருத்துவக் கல்லூரி, 1955இல் பூனாவுக்குப் போகும்வரை, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவரை வரவழைத்தது. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களுக்கும் இந்த மலைக்கும் உறவு இருந்தது. அந்த உறவைவிடப் பழையது கருவாட்டு உறவு. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பாரம்பரிய மீன்பிடி என்றாலே பிடித்ததை வீட்டிலேயே சமைத்துத் தின்ற தொழில் என்று ஒரு கற்பனை பரவியிருக்கிறது. திருக்கைத் தொழில் அப்படி இருந்ததே இல்லை. அது என்றும் விற்பனைக்கான தொழில். அதன் நேர்மையை அளக்க வேறு கோல் வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் இத்தொழிலில் மூன்று வழிகளைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது திருக்கை வலை. அகன்ற கண்களுள்ள இந்த வலையை மாலையில் அடிநிலத்தோடு படியவிட்டு விடியலில் போய்த் தூக்குவார்கள். பாக்குநீரிணையும் மன்னார்க் கரையும் இதற்கென்றே அமைந்த கடல்கள். பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம், சேறும் மணலும் பரந்த தரை, அதில் புதைந்துகிடந்து நண்டும் சிப்பியும் தேடும் புள்ளித் திருக்கைகள். இரண்டாவது, நீண்ட கயிற்றில் பல தூண்டில்களைக் கட்டிப் போடுவது. இரை, நீரோட்டம், நிலா எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கவேண்டிய வழி இது. மூன்றாவது களப்பிலும் பரவைக் கடலிலும் சூள் கொளுத்தி மண்டாவால் குத்துவது. கண்ணும் கையும் மட்டுமே முதல். வருமானமும் அதற்கேற்ற அளவே. குருநகரும் பேசாலையும் வாழைச்சேனையும் ஒரே மீனை ஒரே விதமாகப் பிடித்ததில்லை. காலத்துக்குக் காலம் நீர்கொழும்பிலிருந்து மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து வாடி அடித்துத் தொழில் செய்தவர்களும் தங்கள் பழக்கங்களைக் கொண்டுவந்தார்கள். எந்த முறை சிறந்தது என்ற வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. மூன்றுக்கும் பொதுவாக இருந்த முறைமைதான் கவனிக்கவேண்டியது.

அந்த முறைமையில் பாதி கரையில்தான் நடந்தது. சுறாவைப்போலத் திருக்கையின் தசையிலும் யூரியா மிகுதி. மீன் செத்தபின் பக்ரீரியா அதை அமோனியாவாக மாற்றிவிடும். காலையில் கறியாகக்கூடிய மீன் மாலையில் மூக்கைத் துளைக்கும். எனவே விஷமுள்ளை முதலில் வெட்டி எறிவது, குடலை அகற்றுவது, கழுவுவது, கீறி உப்பிடுவது எல்லாம் அன்றைக்கே முடியவேண்டும். உப்பு நீரை இழுக்கும்போது யூரியாவின் ஒரு பங்கும் கூடவே வெளியேறும். வேதியியல் படிக்காமலே இதைச் சரியாகச் செய்தவர்கள் கரையோரப் பெண்கள். பிடித்தவனின் பெயரைக் காப்பாற்றியதும் அவர்கள் இட்ட உப்புத்தான். வலைக்காரர் பாதி நாள் கடலில் தங்கிவிட்டால் நல்ல கருவாடு கிடையாது. தூரம் போனால் மீன் கெடும். இப்படி மீனின் உடம்பே தொழிலின் எல்லையைக் கீறியது. கிடைத்ததில் எதுவும் வீணாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சதை குழம்புக்கும் வறைக்கும் ஒடியற்கூழுக்கும் போனது. ஈரல் எண்ணெயானது. வால் சவுக்கானது, திருக்கைவால் என்ற பெயரே யாழ்ப்பாணத்துச் சிறுவர் பலரை அடங்கி உட்காரவைத்தது.

அரசாங்கத்தின் கண் இந்த மீன்மேல் முதலில் விழுந்தது வேறொரு பொருளின் பொருட்டு. 1902இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவரோடு வந்து இங்கே தங்கிய ஜேம்ஸ் ஹோர்ணலும் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆராய்ந்தார்கள். திருக்கைகள் முத்துச்சிப்பிகளை நொறுக்கித் தின்பதைக் கண்டார்கள். அதோடு நில்லாமல், முத்தின் கருவாக அமைவது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம், அது முதிர்வது திருக்கையின் குடலில் என்றும் கருதினார்கள். அக்கணக்கில் திருக்கை முத்துப்பாருக்குப் பகைவனும் உறவினனும் ஆகிவிட்டது! பின்வந்த ஆய்வாளர்கள் இக்கருத்தை ஏற்கவில்லை. 1907க்குப் பிறகு முத்துக்குளிப்பும் நெடுங்காலம் ஓய்ந்தது. திருக்கையை அன்றாடம் பிடித்தவர்களின் அறிவு அந்தப் பெரிய அறிக்கைத் தொகுதிகளின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பிறருடைய பொருளுக்காகத் திருக்கை மதிக்கப்பட்ட முதற்சந்தர்ப்பம் இது.

இரண்டாவது சந்தர்ப்பம் நம் காலத்தது, அழிவு மிகுந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகும் நைலோன் வலையும் பரவின. பின்னர் பனிக்கட்டி ஏற்றிய பலநாட் கலங்கள் ஆழ்கடலுக்குப் போயின. சூரைக்கு விரித்த மிதவை வலைகளில் ஆனைத் திருக்கையும் கொம்புத் திருக்கையும் சிக்கின. அவற்றின் சதைக்குக் கிடைத்த விலை சொற்பம். சீனாவில் மருந்தென்று விற்கப்படும் உலர்ந்த செவிள் இதழ்களுக்கு விலை ஏறியதும் கணக்கு மாறியது. நீர்கொழும்பு, மிரிஸ்ஸ போன்ற இறங்குதுறைகளில் எடுத்து 2011இல் வெளியான கணிப்பு, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆனைத் திருக்கைகளும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கொம்புத் திருக்கைகளும் இலங்கையில் கரையேறுவதாகச் சொன்னது. ஆனைத் திருக்கை ஏறத்தாழ ஓராண்டு சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும் உயிர். அத்தகைய இனம் இந்தத் தொகையைத் தாங்காது. அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2013இல் ஆனைத் திருக்கைகளையும் 2016இல் கொம்புத் திருக்கைகளையும் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது இதனால்தான். இந்தோனேசியாவின் லமக்கேரா ஊரிலும் கதை இதுவே. தலைமுறைகளாக ஈட்டியெறிந்து ஆனைத் திருக்கை பிடித்த அவ்வூரார் இயந்திரப் படகுக்கும் செவிள் வியாபாரிக்கும் மாறினார்கள். 2014இல் நாடே அந்தத் தொழிலைத் தடைசெய்தது. ஈட்டி பழையதுதான், ஊரும் பழையதுதான். எல்லை மட்டும் போய்விட்டது.

இங்கே ஒரு தடை எழும். அகன்ற கண் வலை வளர்ந்த திருக்கையைத்தானே பிடிக்கிறது, சினைப்பட்ட தாய்களையும் சேர்த்து? மெதுவாக வளர்ந்து சில குட்டிகளே ஈனும் மீனில் தாய்களைக் கொல்வது எப்படி நல்ல முறையாகும்? நியாயமான கேள்வி இது. பழைய முறையைப் புகழ்பவர்கள் வலைக்கண்ணின் அகலத்தையே எப்போதும் காட்டுவது தவறு என்றுதான் நானும் சொல்வேன். குட்டிகள் தப்புவது நல்லது. அது மட்டும் போதாது. முன்னோர் கைகளில் திருக்கை தப்பிப் பிழைத்ததற்கு அவர்களுடைய அடக்கம் முழுக் காரணமுமல்ல. பாய்வள்ளம் போகமுடியாத தூரம், பருவக்காற்று பூட்டிவைத்த மாதங்கள், அன்றைக்கே உப்பிடவேண்டிய கட்டாயம், தொலைவில் பெருவிலை கொடுப்பார் இல்லாமை ஆகியவைதான் பெருமளவு காத்தன. இன்று இவற்றில் எதுவும் தானாக இல்லை. ஆகவே பழைய வலையைப் பேணினால் போதும் என்பது ஏமாற்று. அந்த வலையோடு இருந்த தூரத்தையும் காலத்தையும் நாமாகவே விதியாக்கவேண்டும்.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு தவறு வருகிறது. இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2019இல் கொம்புத் திருக்கைக் குடும்பத்தைக் கலங்கள் வைத்துக்கொள்ளக் கூடாதென்று தீர்மானித்தபோது வாழ்வாதார மீன்பிடிக்கு விலக்கு அளித்தது. வாழ்வாதாரம் என்பதற்கு அது கொண்ட பொருள், இடைத்தரகர் வாங்கி அடுத்த சந்தையில் விற்காமல் மீனவர் குடும்பமே நேராக உண்பது. ஆழ்கடல் இனங்களுக்கு இந்தக் கடுமை தகும். இதே வரையறையைக் கரையோரப் புள்ளித் திருக்கைக்கும் நீட்டினால் பேசாலைக்காரரின் திருக்கைக் கருவாடு கண்டிச் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே அவர் பாரம்பரியத்துக்கு வெளியே நிற்பார். தவளம் ஏற்றிய சரக்கும் இடைத்தரகர் சரக்குத்தானே. விற்றாரா தின்றாரா என்று பார்ப்பதைவிட எவ்வளவு தூரம் போனார், எத்தனை நாள் தங்கினார், எந்த உறுப்புக்காகக் கொன்றார் என்று பார்ப்பதே சரியான அளவு. ஒரு இரவு கிடந்த வலையில் பிடித்து, உடம்பு முழுவதையும் உள்நாட்டில் விற்பவரும், செவிளுக்காக வாரக்கணக்கில் கடலில் அலைபவரும் ஒரே பெயரில் பாதுகாப்புக் கேட்க முடியாது.

வறுமையைச் சொல்லி இவ்வேறுபாட்டை மறுப்பவர்களும் உண்டு. போர்க்காலத் தடைகளில் கடலை இழந்து மீண்டவர்களிடம் இன்னும் விதிகளா என்பார்கள். அவர்களின் வலைகளை இன்று அறுப்பது விதிகளல்ல, இழுவைமடி. அடிநிலத்தில் இரவெல்லாம் கிடக்கும் திருக்கை வலையைப்போல அதற்கு எளிதில் இரையாவது வேறில்லை. 2017இன் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தது. ஆனாலும் பாக்குநீரிணையில் எல்லை தாண்டிவரும் இழுவைப்படகுகள் ஓயவில்லை. அதை நிறுத்துவதும் எந்தக் கலம் எந்தத் திருக்கையைக் கொணர்ந்தது என்று பதிவதும் சேர்ந்தே நடக்கவேண்டிய வேலைகள். பதிவு கரையிலேயே, வெட்டுவதற்கு முன் நடக்கவேண்டும். தோலுரித்துத் துண்டாக்கி உப்பிட்டு மலையேறிய பிறகு, கண்டிச் சந்தையில் தொங்குவது பாக்குநீரிணையின் புள்ளித் திருக்கையா ஆழ்கடலின் கொம்புத் திருக்கையா என்று எந்தப் பரிசோதகரின் கண்ணாலும் சொல்லமுடியாது.