வராதவர் கட்டும் கட்டணம்

யோகா வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல இன்று ஆள் பஞ்சமே இல்லை. மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கிவிடு. முப்பது நாள் சவால் ஒன்றை அறிவி. விடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாசகம் போடு. நான்கு நாள் வராதவரைத் தொலைபேசியில் கூப்பிடு. பழைய மாணவர் புதியவர் ஒருவரைக் கூட்டி வந்தால் அவருக்கு ஒரு வகுப்பு இலவசம் என்று சொல். மாதாமாதம் பாடத்தை மாற்று, இல்லாவிட்டால் சலித்துப் போவார்கள். நகரத்து நிலையங்கள் பலவும் ஏறத்தாழ இந்த வழியில்தான் ஓடுகின்றன. மலேசியாவின் கேமரன் மலையில், அதன் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே சாலையோரமாக இருக்கும் கோலா தெர்லாவில் ஒருவர் இதையே நம்பி வகுப்புத் தொடங்கினால் எது நிற்கும், எது விழும்? பெருநகரத்தில் ஒரு மாணவர் போனால் இன்னொருவர் வருவார். முறையின் ஓட்டைகள் வெளியே தெரியாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சிற்றூரில் அவை இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

முதலில் முன்பணம். இந்தத் தொழிலின் உயிர்நாடியே அதுதான், அதற்குச் சாதகமாகச் சொல்லவும் நிறைய இருக்கிறது. ஆசிரியருக்கு மண்டப வாடகை உறுதியாகிறது. மழை கொட்டும் மாலையில் நான்கு பேர்தான் வந்தார்கள் என்றாலும் வகுப்பு நடக்கிறது. மாணவருக்கும் ‘காசு கட்டியிருக்கிறோமே’ என்கிற உறுத்தல் இருக்கும். சோம்பலான நாளில் அது அவரைக் கிளப்பிவிடும். எத்தனை நாளைக்கு என்பதுதான் சிக்கல். ஸ்டெஃபானோ டெல்லாவிஞா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க உடற்பயிற்சி நிலையங்களின் வருகைப் பதிவுகளை வைத்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் செலவு விழுந்தது. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். கணக்குத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். அடுத்த மாதம் ஒழுங்காகப் போய்விடுவோம் என்று தங்களைப் பற்றியே கொஞ்சம் அதிகமாக நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைதான் சந்தைக்கு வந்திருக்கும் சரக்கு. கட்டணம் கட்டிய எல்லாரும் ஒரே வாரத்தில் வந்துவிட்டால் பல நிலையங்களில் பாய் விரிக்க இடமிருக்காது. அதாவது, வராதவர்கள் கட்டும் பணத்தில்தான் வருகிறவர்களின் வகுப்பு நடக்கிறது. மாணவர் பணம் கட்டிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒரு வேலை. அவர் வந்து பயிற்சி செய்யும்படி பார்த்துக்கொள்வது வேறொரு வேலை. ஆலோசனை சொல்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, முதலாவதற்கு வழி சொல்லிவிட்டு இரண்டாவதையும் சொன்னதாக எண்ணிக்கொள்கிறார்கள். முன்பணம் அளவுக்கு மீறிப் போனால் என்ன ஆகும் என்பதை மலேசியர்கள் 2017 ஜூனில் பார்த்தார்கள். ட்ரூ ஃபிட்னஸ் நிலையங்கள் இங்கே திடீரென மூடப்பட்டன. மாதக்கணக்கில் முன்கூட்டிக் கட்டியிருந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நின்றார்கள்.

சரி, காசே வாங்காமல் நடத்தினால்? நம்மவர்களிடையே அந்த மரபு வலுவானது. அதன் வேர்களில் ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற இளைஞர் 1913இல் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கே இருந்துவிட்டு இந்தியா திரும்பித் துறவியானார். 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் அவர்தான். பத்துமலையில் அச்சங்கத்தின் ஆசிரமம் இருக்கிறது. கோவில் மண்டபங்களில் நடக்கும் இலவச யோகா வகுப்புகளுக்குப் பின்னால் இந்தச் சேவை மனப்பான்மை உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் குறைகளைப் பேசுவதே பாவம் என்பதுபோல் நம்மவர்கள் நடந்துகொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. இலவச வகுப்பில் முதல் வாரம் கூட்டம் நிரம்பி வழியும், ஆறாவது வாரம் ஐந்து பேர் இருப்பார்கள். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொல்லிக்கொடுப்பவர் பகல் வேலையை முடித்துவிட்டுக் களைத்து வருகிறார், பாடத்துக்குத் தயார் செய்ய நேரமில்லை, ஓராண்டில் விட்டுவிடுகிறார். அவர் போனதும் வகுப்பும் போய்விடுகிறது. இலவசம் என்பதால் யாரும் குறை சொல்லவும் முடியாது. ‘மாஸ்டர், இந்த ஆசனம் செய்தால் முட்டி வலிக்கிறது’ என்று சொல்லவே கூச்சப்படுவார்கள். காசு கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. கட்டணத்தில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்.

ஆக, கட்டணம் வாங்குவதில் தவறில்லை. வராத நாளுக்கு வாங்குவதைத்தான் ஊரைப் பார்த்து யோசிக்க வேண்டும். கோலா தெர்லாவின் நேரம் கோலா தெர்லாக்காரர்களின் கையில் முழுதாக இல்லை. தேயிலைக்கு வந்த தோட்டக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று காய்கறிப் பண்ணையிலும் லாரியிலும் கடையிலும் இருக்கிறார்கள். கேமரன் மலையில் கொழுந்து வெட்டும் வேலைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டவர்களே வருகிறார்கள். அறுவடை நாளில் காய்கறியைக் கட்டி லாரியில் ஏற்றும்வரை பொழுது யாருக்கும் சொந்தமில்லை. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால், சுற்றுப்பயணிகள் குவியும் பிரிஞ்சாங் பக்கம் கார்கள் நகராது. கடை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சம்பாதிக்கும் நாள். நகரத்து யோகா நிலையம் நிரம்பி வழியும் அதே நாளில் மலையில் இருப்பவர் பாய் பக்கம் வரமுடியாது. வருமானமும் நிலையானதல்ல. 2019இல் கோலா தெர்லா வட்டாரத்தில், அனுமதியில்லாத நிலம் என்று சொல்லி, தமிழர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் பயிரிட்டுவந்த காய்கறித் தோட்டங்களை மாநில அரசு அகற்றியபோது, பல வீடுகளில் அடுத்த மாத வரவே கேள்வியானது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று மாத முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ‘தவறவிட்ட வகுப்பு தவறவிட்டதுதான்’ என்று விதி போட்டால், மாணவர் போவதோடு கடையில், கோவிலில், பள்ளி வாசலில் அந்தப் பேச்சும் போய்ச் சேரும்.

வருகைக்கு மட்டும் கட்டணம் என்றால் ஆசிரியர் பிழைக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்புக்குப் 10 ரிங்கிட் என்றும், 12 பேர் தவறாமல் வருகிறார்கள் என்றும், வாரம் மூன்று வகுப்பு என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு 1,440 ரிங்கிட். மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மண்டபத்துக்கும் பெட்ரோலுக்கும் எடுத்து வைப்பதற்கு முன்பே தொகை அதை எட்டவில்லை. 12 பேரும் ஒரு நாளும் தவறாமல் வருவார்கள் என்பதும் கற்பனைதான். ஆகவே இந்த ஊரில் யோகா மட்டுமே தொழில் என்று இறங்குபவர் ஒன்று விலையை ஏற்ற வேண்டும், அல்லது வேறொரு வருமானத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘உன் ஆர்வத்தைத் தொழிலாக்கு’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எளிய பெருக்கலை ஒரு தடவை செய்துவிட்டுப் பேசலாம்.

வேறொரு வருமானம் என்றதும் இந்தத் துறை கைகாட்டுவது ஆசிரியர் பயிற்சியை. சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1969இல் மேற்கில் யோகா ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். ஒழுங்கான பாடத்திட்டம், சில வாரம் ஆசிரமத்தில் தங்கிப் படிப்பு, முடிவில் சான்றிதழ் என்ற அந்த அமைப்பில் கண்டிப்பு இருந்தது. பிறகு 1999இல் அமெரிக்காவில் உருவான யோகா அலையன்ஸ் 200 மணி நேரத்தை அளவாக வைத்தது. அந்த அளவு உலகம் முழுதும் பரவியதில் ஒரு நன்மை உண்டு: யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கலாம் என்ற நிலைமைக்கு ஒரு குறைந்தபட்ச வேலி கிடைத்தது. தீமை, பயிற்சிக் கட்டணம் நிலையங்களின் கொழுத்த வருமானமாகிவிட்டது. ஈராண்டு வந்த மாணவரை ‘நீங்களே ஏன் ஆசிரியராகக் கூடாது?’ என்று கேட்பது அவரைத் தக்கவைக்கும் உத்தியானது. மாணவர்கள் ஆசிரியர்களானார்கள், அவர்களுக்குப் புதிய மாணவர்கள் கிடைக்கவில்லை, அவர்களும் பயிற்சி நடத்தத் தொடங்கினார்கள். 1987இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, ஆசிரியர் பயிற்சிக்குப் பேர்பெற்று, 2017இல் பங்குச் சந்தைவரை போன யோகாவொர்க்ஸ் நிறுவனம் 2020 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. பெருந்தொற்று ஒரு காரணம்தான். அதற்கு முன்பே அது நட்டத்தில் இருந்தது.

வருமானக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். மாணவர் ஏன் வருகிறார் என்ற கேள்விக்கு மலையில் பதில் சுருக்கமானது: முதுகு வலி. சரிவில் கால் ஊன்றி நின்று கத்தரியால் கொழுந்து வெட்டியவர்களுக்கும், குனிந்து நாற்று நட்டவர்களுக்கும், லாரியில் கூடை ஏற்றியவர்களுக்கும் இடுப்பிலேயே தெரியும் அது. யோகா உதவுமா? அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் இடம்பெற்றது. ஆனால் 2011இல் வந்த ஓர் ஆய்வை யோகா ஆசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை. 228 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வார யோகா வகுப்பு, இன்னொன்றுக்கு அதே அளவு தசை நீட்டல் வகுப்பு, மூன்றாவதற்கு ஒரு கைநூல் என்று கொடுத்தார்கள். யோகா கைநூலைவிட நன்றாகவே பலன் தந்தது. தசை நீட்டல் வகுப்பைவிட மேலாக இல்லை. இதைத் தோல்வி என்று நான் படிக்கவில்லை. வாரந்தோறும் ஓர் இடத்துக்கு வந்து, ஒருவர் பார்த்துத் திருத்த, நிதானமாக உடம்பை அசைத்ததில்தான் பலனில் பெரும்பங்கு இருந்திருக்க வேண்டும். சர்க்கரை வியாதி போகும், தைராய்டு சரியாகும் என்று பதாகை அடிப்பவர்கள் மிகைச் சொல்லால் மாணவரைப் பிடிக்கிறார்கள், மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் இழக்கிறார்கள்.

சலிப்பு என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பாடத்தை மாற்றிக்கொண்டே இரு என்பது பாதி உண்மை. புதுமைக்காகப் புதுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஆடுகளை நடுவில் விட்டு நடத்திய யோகா வகுப்பே போதும். மலையில் ஆடு வளர்ப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எதிர்முனையில் பிக்ரம் சௌத்ரி: எந்த ஊரில் நுழைந்தாலும் அதே சூடான அறை, அதே 26 ஆசனங்கள். அந்த வரிசைக்குக் காப்புரிமைகூடக் கேட்டார். 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. மாறாத வரிசைக்கும் ஒரு பலம் உண்டு. போன மாதம் எட்டாத இடத்தை இந்த மாதம் விரல் தொட்டதை மாணவர் தானே கண்டுகொள்வார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் காட்டியவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1933இல் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியபோது இளம் பையன்களுக்கு வேகமான, தொடர்ச்சியான பயிற்சி கொடுத்தார். கூட்டம் சேர்க்க ஊர் ஊராகப் போய் ஆசனச் செயல்விளக்கமும் காட்டினார். விளம்பரம் ஏதோ நேற்று வந்த கேடு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரண்மனை ஆதரவு போய், 1950இல் அந்த யோகசாலை மூடப்பட்டது. பிறகு சென்னையில் அவர் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவராகவே சொல்லிக்கொடுத்தார்: வயது, வேலை, நோய் பார்த்து ஆளுக்கொரு பாடம். மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த முறையில்தான் நிற்கிறது. மாணவர் வீட்டில் தனியாகச் செய்யும் பயிற்சியே மையம். ஆசிரியரை அவ்வப்போது பார்த்தால் போதும். வருமானக் கண்ணால் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம், நேரம் அதிகம், ஆள் குறைவு. ஆனால் அறுவடை வாரத்தில் வகுப்புக்கு வரமுடியாத கோலா தெர்லா மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடப் பயிற்சி ஒன்றை அவருக்கென்றே எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டு வாரம் காணாமல் போனவரும் தொடர்பு அறாமல் திரும்பி வருவார். வாட்ஸ்அப் வாசகம் அந்த வேலையைச் செய்யாது.

மலேசியாவில் வேறொரு எல்லையும் இருக்கிறது. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்கள் யோகா செய்யக் கூடாது என்று அறிவித்தது. சில நாளில் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி, மந்திர உச்சரிப்பு இல்லாத உடற்பயிற்சி என்றால் பரவாயில்லை என்ற பொருளில் விளக்கினார். கோவில் மண்டபத்தில் ஓம் சொல்லித் தொடங்கினால் ஒரு கூட்டம் வரும், பொது மண்டபத்தில் வெறும் பயிற்சியாக நடத்தினால் வேறொரு கூட்டம் வரும். எதைத் தேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடுவழியில் மாற்றினால் இரண்டு கூட்டமும் கலைந்துவிடும்.

மிச்சமிருப்பது வார இறுதி முகாம். குளிர்ந்த காற்று, பச்சைச் சரிவு, பாய் விரித்த புல்தரை, பிறகு தேநீர். கோலாலம்பூரிலிருந்து வருபவர் இதற்கு மனமுவந்து கொடுக்கும் தொகை, உள்ளூர்க்காரர் ஒரு மாதத்துக்குக் கொடுக்கக்கூடியதைவிட அதிகம். உள்ளூர் மக்கள் அந்தப் படத்தில் பின்னணியாக மட்டும் நிற்பார்கள் என்ற விமர்சனம் சரியானதே. ஆயினும் மேலே போட்ட கணக்கில் விழுந்த துண்டை அடைக்க வேறு வழி எனக்குத் தென்படவில்லை. சனிக்கிழமை வருபவரிடம் முழு விலை வாங்கி, அந்தப் பணத்தில் திங்கள் மாலை வகுப்பைப் பத்து ரிங்கிட்டுக்கு நடத்தலாம். அந்தத் திங்கள் வகுப்பின் நேரத்தைக் காய்கறி லாரியைப் பார்த்து வைக்க வேண்டும், சுற்றுப்பயணியைப் பார்த்து அல்ல. நீண்ட விடுமுறை வாரத்தில் முகாமுக்கு ஆள் சேர்ந்துவிட்டதென்று திங்கள் வகுப்பை ரத்து செய்யத் தோன்றும். ஒரு தடவை செய்தால் மன்னிப்பார்கள். அடுத்த தடவை தோன்றும்போது முகாமில் கிடைக்கும் தொகை முன்னதைவிடப் பெரியதாக இருக்கும்.