செங்கல் நிறக் களிம்பும் தலையீற்றுக் கிடேரியும்

250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு. மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் ஒரு விழுது வரும். பாலைச் சுத்தமாகப் பீச்சி, மடியைக் கழுவி, விழுதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து நாளுக்குப் பத்து முறை பூச வேண்டும். ஐந்து நாள் விடக்கூடாது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய இந்த மடிநோய் மருந்தைத் தேசியப் பால்வள வாரியமும் நாடெங்கும் கொண்டுசென்றது.

இதை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குவது தவறு. வீக்கம் தொடங்கிய அன்றே பூசினால் சூடும் வலியும் தணிகின்றன. செலவு சொற்பம். ஆன்டிபயாட்டிக் ஏற்றிய மாட்டின் பாலைப் பல நாள் கீழே ஊற்றியாக வேண்டும். ஊற்ற மனமில்லாமல் சொசைட்டியில் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பாலில் தயிர்கூடச் சரியாக உறையாது. களிம்பில் அந்தச் சிக்கல் கிடையாது. பால்காரக் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் தலையீற்றுக் கிடேரியிடம் இந்த மருந்து தடுமாறுகிறது. இன்னும் கறக்கவே இல்லையே, மடிநோய் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறோம். கிருமி ஈனுவதற்கு முன்பே காம்புக்குள் போய்விடுகிறது. காம்பு நுனியைக் கடிக்கும் ஈக்கள், ஒன்றின் மடியை ஒன்று சப்பும் கன்றுகள், சாணியும் மூத்திரமும் ஊறிய தரை எல்லாம் அதற்கு வழி. ஈன்ற அன்று ஒரு காம்பில் சீம்பாலுக்குப் பதில் திரிதிரியாகச் சீழ் வரும்போதுதான் தெரிகிறது. அதற்குள் உள்ளே பால்திசு கெட்டிருக்கலாம். பிறகு எத்தனை முறை பூசினாலும் அந்தக் காம்பு திரும்புவது அரிது. மூன்று காம்பு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கேட்பார்கள் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு குறை இதைவிட ஆபத்தானது. வீக்கம் வடிந்ததும் நோய் போய்விட்டதாக நம்பிவிடுகிறோம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி திசுவுக்குள் ஒளிந்து நிற்கும். பால் வெள்ளையாகவே வரும், அளவு மட்டும் குறையும். சீம்பால் காலம் முடிந்ததும் 3 சதவீதச் சலவைத்தூள் கரைசலையும் பாலையும் சமமாகக் கலந்து சுழற்றினால், கெட்ட காம்பின் பால் கெட்டியாகிக் குழகுழக்கும். களிம்பு பூசி முடித்தவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? காய்ச்சலோடு தீவனம் எடுக்காமல் தண்ணீர் போலப் பால் விடும் மாட்டுக்கு ஐந்து நாள் பொறுக்க நேரமே இல்லை. அன்றே மருத்துவர் வர வேண்டும்.

பயிற்சி முகாம்களில் கற்றாழை அரைத்துக் காட்டுகிறார்கள், நல்லது. அதே மேடையில் சினைக்கிடேரியின் கடைசி இரண்டு மாதத்தையும் பேச வேண்டும்: ஈ ஒழிப்பு, உலர்ந்த படுக்கை, சப்பும் கன்றைப் பிரித்துக் கட்டுதல், காம்புகளைத் தினமும் கண்ணால் பார்த்தல். பார்க்கிற சாக்கில் காம்பைப் பீச்சிவிடக் கூடாது. துளையை அடைத்துக் காக்கும் மெழுகு போன்ற பொருள் கழன்றால் கிருமிக்கு வழி திறந்துவிடும். ஒரு காம்பு மட்டும் பருத்தோ சூடாகவோ இருந்தால், ஈனும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.